பேர் போன பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பலகையிலிருந்து இறங்கி, சாலையைக் கடந்து, பஸ் ஏறிப் போய்விட்டது. எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டே இதைப் பார்த்தார். எழுத்துகள் அவசரப்படவும் இல்லை, வரிசையைக் குலைக்கவும் இல்லை. கொம்புகள் முன்னால் போக, கால்கள் பின்னால் எட்டி நடக்க, புள்ளிகள் மட்டும் கொஞ்சம் உருண்டோடிச் சேர்ந்துகொண்டன என்று அவர் பிற்பாடு சொன்னார். முந்தைய நாள்தான் பரீட்சை முடிவு வந்திருந்தது. பத்தாம் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் தேறவில்லை, தேறாத கோபத்தில் இரண்டு பேர் ஜன்னல்களை உடைத்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மார்க்கெட்டிலும் முடிவெட்டும் கடையிலும் மாடிப்படிகளிலும் ஒரே நாளில் அத்தனை வாய்கள் 'பேர் போச்சு, பேர் போச்சு' என்றால் எந்தப் பெயர்தான் மானத்தோடு உட்கார்ந்திருக்கும். அன்று முதல் அந்தப் பெயரை யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல வாயெடுத்தால், பல் விழுந்த இடத்தை நாக்கு தொடுவதுபோல் ஒரு காலியிடம் வந்தது. சான்றிதழ்களில் அந்த வரி வெறுமையாகவே அச்சானது. பஸ் கண்டக்டர்கள் 'அந்த ஸ்கூல் இறங்கு' என்று பழகிக்கொண்டார்கள், சுற்றுவட்டாரத்தில் வாடகை பாதியாக இறங்கியது.

ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறான சங்கடம். அதன் பெயர் ஒவ்வொரு முறை ரிசல்ட் வரும்போதும் ஒரு முழம் வீங்கியது. பலகை போதாமல் சுவருக்கு மாற்றினார்கள், சுவரும் போதாமல் இரும்புக் கம்பிகள் நட்டு அதன்மேல் ஏற்றினார்கள். கடைசியில் அதன் நிழல் மூன்று தெருக்களை மூடியது. அந்தத் தெருக்களில் துணி காயாது, செடி வளராது, ஆனால் வீடு கிடைக்காது. வீட்டுத் தரகர்கள் சாயங்காலம் டேப்போடு வந்து நிழலின் விளிம்பை அளந்துவிட்டு, முழு நிழல் வீட்டுக்கு ஒரு வாடகை, அரை நிழல் வீட்டுக்கு ஒரு வாடகை என்று பேசினார்கள். நிழல் நான்கடி தள்ளி விழுந்ததால் ஒரு கல்யாணப் பேச்சே நின்றதாகவும் சொல்வார்கள்.

இந்த ஊருக்குத்தான் ஒரு தையல்காரியும் அவள் கணவரும் மகளோடு குடிவந்தார்கள். அவள் புதுத்துணி தைப்பவள் அல்ல. தைத்ததைப் பிடிப்பது, விடுவது, மடிப்பது, ஒட்டுப் போடுவது அவள் வேலை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மாற்றல் கேட்டு வாங்கியதே மகளுக்காகத்தான்.

மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது ஒரு பரீட்சை நாளன்று, வெளியே போக அனுமதி கேட்டுக் கிடைக்காமல், பெஞ்சிலேயே நனைந்துவிட்டாள். எந்தப் பிள்ளைக்கும் நடக்கக்கூடியதுதான். மதியத்துக்குள் 'குழாய்' என்ற பட்டப்பெயர் அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளியை மாற்றினார்கள். புதுப் பள்ளியில் அவளை முன்பின் பார்த்திராத பிள்ளைகள் முதல் மணி அடிப்பதற்குள் அவளைக் குழாய் என்றார்கள். ஊரை மாற்றினார்கள். லாரியில் பாத்திரம் ஏறுவதற்குள் அந்தப் பெயர் குறுக்குவழியில் புறப்பட்டுப் போய், அங்கே பள்ளி வாசலில் அவளுக்காகக் காத்திருந்தது. பிரசவ வலி முழுசாக அடங்கும் முன்பே தாய் ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அதை ஆசிரியர்கள் வருகை எடுக்கும்போது சொல்வதோடு சரி. வீட்டில் மூவரும் பேசி வைத்துக்கொள்ளாமலேயே அந்த வார்த்தையை விட்டுவிட்டார்கள். 'அத மூடு' என்பார்கள், 'தண்ணி வர்றது ஒழுகுது' என்பார்கள். எட்டாம் வகுப்பு முடிந்த அன்று மகள் பையை ஆணியில் மாட்டிவிட்டு வந்து அம்மாவின் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ யாராவது அதச் சொன்னா நான் ஸ்கூலுக்கே போகமாட்டேம்மா. உங்கூட ஒக்காந்து பட்டன் தைக்கிறேன்."

அவள் அழாமல் சொன்னாள். தாய் மிஷினை நிறுத்தினாள்.

அதனால் இந்த முறை பள்ளிக்கூடத்தை விசாரித்துவிட்டுத்தான் வீடு என்று கணவர் தீர்மானமாக இருந்தார். தரகருக்கு போன் போட்டு, வீடு கிடக்கட்டும், பக்கத்தில் ஸ்கூல் எப்படி என்று கேட்டார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு வீட்டைத் தள்ளிவிடுகிற அந்தத் தரகர், தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னார்.

"பேர் போன ஸ்கூல் சார்."

கணவர் மகிழ்ந்துபோய் அன்றைக்கே அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். சாமான் இறக்கிய அன்று மாலை மூவரும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனார்கள். வெள்ளைப் பலகையில் ஒன்றும் இல்லை. சைக்கிள் கடைக்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார். தையல்காரி அங்கேயே நின்று தரகரை போனில் பிடித்தாள்.

"பேர் போன ஸ்கூல்னு சொன்னீங்களாமே."

"ஆமாம்மா. போனது ஊருக்கே தெரியுமே. நான் எதுக்கு மறைக்கணும்?"

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அப்போதே ஒரு சுற்று இளைத்தார். ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஒருநாள் லிஃப்டில் மாட்டிக்கொள்ள, இவர்தான் போய் இறக்கிவிட்டார். வெளியே வந்த நிம்மதியில் தாளாளர் ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அதே தரகர் ஓர் அரை நிழல் வீட்டையும் பிடித்துவிட்டார். பள்ளி திறக்கும் முன் முடிவு சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் முன்னறையில் மிஷின் ஓடத் தொடங்கியிருந்தது. விடுமுறை என்பதால் இரண்டு பள்ளிகளின் சீருடைகளும் பழுதுபார்க்க வந்தன. பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் யாரிடமோ விசாரித்து ஆளுக்கொன்று கேட்டுக் குழம்பிப்போயிருந்த தையல்காரி, மடியில் வந்து விழுந்த துணியைப் பார்க்க ஆரம்பித்தாள். பெரிய பள்ளிச் சட்டைகளில் அழுக்கே இல்லை. காலர் நுனிகள் மட்டும் பல்லால் மென்று நூல் நூலாகத் தொங்கின, இடுப்பைப் பிடித்துத் தரச்சொல்லியே எல்லாத் தாய்மாரும் கேட்டார்கள். பெயர் போன பள்ளியின் உடைகள் முட்டியில் கிழிந்து, பட்டன் தொலைந்து, கறையோடு வந்தன. ஒரு பையிலிருந்து பென்சில் சீவலும் உயிரோடு ஒரு வண்டும் வந்தன.

"அங்கேர்ந்து வர்ற காலரெல்லாம் கடிச்சு கடிச்சு வருதுங்க," என்றாள் கணவரிடம்.

"பெரிய எடம்னா கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும்."

"இங்கேர்ந்து வர்றதெல்லாம் முட்டி கிழிஞ்சு வருது."

"அதத்தான் நானும் சொல்றேன். படிக்கிற புள்ளைக்கு முட்டி ஏன் கிழியுது?"

"ஓடினா கிழியும்," என்றாள் அவள். ஆனாலும் துணியை நம்பிப் பெண்ணின் வாழ்க்கையை முடிவுசெய்ய அவளுக்குப் பயமாக இருந்தது. தான் நினைப்பது தப்பாகப் போனால் பழி முழுக்கத் தன் தலையில் என்று இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு பெரிய பள்ளியைப் பார்க்கப் போனாள். விடுமுறையிலும் அங்கே சிறப்பு வகுப்பு நடந்தது. பெயரின் நிழலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளை மீதும் ஏதோ ஒரு பெயர் ஒட்டியிருந்தது. முதல் ரேங்க், மூன்றாம் ரேங்க், குண்டு பூசணி, கணக்கில் ஓட்டை. அந்த நிழலில் எந்தப் பெயரும் வாடுவதில்லை, நாளுக்கு நாள் தடிக்கத்தான் செய்யும். வரிசையின் நடுவிலிருந்து ஒரு சிறுமி தலையைத் திருப்பினாள். அவள் முகத்தில் கேலியோ கெட்ட எண்ணமோ இல்லை. கடைக்காரர் விலை சொல்வதுபோல் "குழாய்" என்றாள்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள். "போலாம்மா."

பஸ்ஸில் தாய் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். இனி மிச்சமிருப்பது வெறும் பலகை மாட்டிய அந்த ஒரு பள்ளிதான். அங்கேயும் அந்தப் பெயர் முந்திக்கொண்டு வந்து நின்றால் பெண் வீட்டோடு உட்கார்ந்துவிடுவாள். பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுப்பதை நினைத்தபோது, தன் தொழில் மேல் அவளுக்கு முதல் முறையாக வெறுப்பு வந்தது.

பெயர் போன பள்ளியின் தலைமையாசிரியை அதிகம் விசாரிக்கவில்லை. "படிக்கப் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டார். "தெரியல மிஸ்," என்றாள் மகள். "சரி, பாப்போம்," என்று சேர்த்துக்கொண்டார்.

பள்ளி திறந்த அன்று, மகளை உள்ளே அனுப்பிய தாய்க்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சைக்கிள் கடைக்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கையோடு கொண்டுவந்திருந்த ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்கிறேன் என்று உட்கார்ந்தவள், பட்டனைக் காலரில் தைத்துவிட்டுப் பிரித்தாள், மறுபடி கைமடிப்பில் தைத்துவிட்டுப் பிரித்தாள். இடைவேளை மணி அடித்தபோது உள்ளே எழுந்த இரைச்சலில் அந்த ஒரு வார்த்தை இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் பிரிபடவில்லை. மதியம் கணவர் வேலைக்கு நடுவில் வந்து எட்டிப் பார்த்தார். இருவரும் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள், இருவருமே நம்பவில்லை.

மாலை மணி அடித்து கேட் திறந்தது. பிள்ளைகள் அணை உடைந்ததுபோல் வந்தார்கள். நடுவில் மகள் தனியாக வந்தாள், பை ஒரு தோளில், முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு பிள்ளை, தெருமுனைவரை கேட்கும்படி, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. தாய் வைத்த பெயரை. "ஏய், குடைய விட்டுட்டுப் போற" என்று சொல்லி, நெட்டையாக ஒரு பெண் ஓடிவந்து கையில் திணித்துவிட்டுப் போனாள். அந்தப் பெயரை மற்றொரு குழந்தையின் வாயிலிருந்து கேட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. தையல்காரி சைக்கிள் கடையில் அத்தனை பேர் பார்க்க அழுதாள். கடைக்காரர் அவளைப் பார்க்காததுபோல் ஒரு நல்ல டயருக்குக் காற்றடித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் தானாகவே சொன்னாள். "அந்தப் பொண்ணு காலைல என்கிட்ட வந்து வாயத் தொறந்தாம்மா. அதச் சொல்லத்தான் வந்தா, எனக்கு நல்லாத் தெரியும். ஒண்ணுமே வரல. வாயத் தொறந்து வெச்சுக்கிட்டே நின்னா. அப்புறம் என்னமோ சொல்ல வந்தேன், மறந்துபோச்சுன்னு சிரிச்சா. உன் பேர் என்னன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"என் பேரச் சொன்னேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நல்லாருக்குன்னா," என்றாள்.

மறுநாள் தையல்காரி இதை விசாரித்தபோது சைக்கிள் கடைக்காரருக்கு அவள் கேட்பதுதான் வியப்பாக இருந்தது. "அதுவாம்மா? ஊர் வெச்ச பேரு எதுவும் அந்த கேட்டத் தாண்டாது. ஸ்கூல் பேரே நிக்காத எடத்துல வேற எது நிக்கும்? என் பையனக்கூட வெளிய ஓட்டப்பல்லன்னுதான் சொல்லுவாங்க. உள்ள போனா அவன் பேருதான். வீட்ல வெச்ச பேரு மட்டும் உள்ள போகும்." இதை ஏன் ஊரில் யாரும் சொல்லவில்லை என்று கேட்டாள். "ஸ்கூல் எப்படின்னுதானே எல்லாரும் கேக்குறாங்க. அதுக்குத்தான் பதில் சொல்றோம்," என்றார் அவர்.

அரை நிழல் வீடு வேறு யாருக்கோ போயிற்று. மகளுக்குக் கணக்கு கடைசிவரை சுமாராகத்தான் வந்தது, ஆனால் அவள் இரண்டு சீருடைகளை முட்டியில் கிழித்தாள், தாய் அவற்றுக்குப் பாராட்டுப் பத்திரம் தைப்பதுபோல் ஒட்டுப் போட்டாள். அந்த மழைக்காலத்தில் ஒருநாள் மகள் சமையலறையிலிருந்து "அம்மா, கொழாய் ஒழுகுது" என்றாள். அப்பா வாஷர் வாங்குகிறேன் என்று கடைக்குப் போய், அங்கே எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். கணவருக்கு இரண்டு முறை மாற்றல் வந்தது, இரண்டு முறையும் எழுதிக் கொடுத்து ரத்து செய்துகொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுக்கு ஒரு வரி வெறுமையாக இருந்த சான்றிதழ் கிடைத்தது. வேலைக்கான நேர்முகத்தில் எந்த ஸ்கூல் என்று கேட்டபோது வாயைத் திறந்தாள், காலியிடம் வந்தது, கேட்டவர்கள் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். வேலையும் கிடைத்தது.

இன்றும் ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன்பு பெயிண்டர் ஒருவர் ஏணியோடு வருகிறார். பலகையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, எழுத்துக்காகப் பென்சிலில் கோடு போட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோட்டை அழித்துவிட்டு இறங்குகிறார். கூலியில் யாரும் குறைப்பதில்லை. மகள் படிப்பை முடித்துப் பல வருடமாகியும் தையல்காரி அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கிறாள். இந்த வருடம் கேட்டருகே நின்று அண்ணாந்து பார்த்து, "போன தடவைக்கு இந்தத் தடவ நல்லா வந்திருக்கு," என்றாள்.

பெயிண்டர் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "ரெண்டு கோட்டு வெள்ளை அடிச்சிருக்கேம்மா," என்றார்.