நிமிடத்துக்குத் தொண்ணூறு வார்த்தை

1

இந்தக் கதை எனக்குப் பல் வைத்தியரின் வாசலில் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். முடிப்பதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதி என் தலையில், கண்ணுகளா. முதலில் இப்படித் தொடங்கினேன்: "அறிவின் ஒளி பரவிய அந்த அறையில்..."

வேண்டாம். அந்த அறையில் டியூப்லைட்டே ஒழுங்காக எரியாது.

2

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். வேலை முடிந்ததும் துணி மடிக்கும் மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் எழுத்துக் கற்க உட்காருவார்கள். டீச்சருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறை, பலகாலம் ஆராய்ந்து கண்டது. முதலில் அவள் வாசிக்க வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு தனித்தனியாக. மாதக் கடைசியில் அவர்கள் பார்த்தேயிராத ஒரு பக்கத்தைக் கொடுத்து, நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்று எண்ண வேண்டும்.

(பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் இது, வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். புதுப் பக்கம் தயாரிக்க அவளுக்குத் தெம்பில்லை. எட்டு மாதமும், வகுப்பில் தானே வாசித்துக்காட்டிய அதே பழைய பக்கத்தையே சோதனைக்குக் கொடுத்தாள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துத் திடுக்கிட வைக்கும் வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது.)

3

வகுப்பில் முதல் ஆள் மடிப்பக்கா. இருபது வருடம் போர்வை மடித்ததில் பெயரே அதுவாகிவிட்டது. நிமிடத்துக்குத் தொண்ணூறு வார்த்தை. முட்டி தேய்ந்து இப்போது நிற்க முடியவில்லை. சலவை மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலி. கேனில் ஒட்டியிருப்பதை வாசித்து எடுத்துக்கொடுக்க வேண்டும். மாற்றிக் கலந்தால் மூச்சையே அடைத்துவிடும் சரக்கு. "வாசிக்கத் தெரியும்" என்று டீச்சர் கையெழுத்துப் போட்டால் வேலை அவளுக்கு. கடைசிச் சோதனைக்கு மறுநாள் காலையில் அந்தப் படிவம் போய்ச்சேர வேண்டும்.

(முதலில் மடிப்பக்காவை ஏமாற்றுக்காரியாக எழுதினேன். இரண்டு பக்கம் போயும் அவள் பிடிகொடுக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

4

கடைசிச் சோதனையன்று டீச்சர் தூக்கக் கலக்கத்தில் வேறு வகுப்புக்கு வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பல் துலக்குவதைப் பற்றிய பாடம். மடிப்பக்கா தாளில் விரலை ஓட்டி, பழைய பக்கத்திலிருந்த ஆற்றில் வெள்ளம் வந்த கதையைத் தங்குதடையில்லாமல் வாசித்தாள். வரி முடியும் இடத்தில் விரலை அடுத்த வரிக்கு இறக்கவும் செய்தாள்.

பக்கத்திலிருந்த இஸ்திரிக்காரி எட்டிப் பார்த்தாள். நிமிடத்துக்குப் பன்னிரண்டே வார்த்தை வாசிப்பவள். ஆனால் தாளில் இருப்பதைத்தான் வாசிப்பாள்.

"என்னக்கா, பல்லு வெளக்கற எடத்துல வெள்ளம் வருது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் மற்றவர்களை அனுப்பிவைத்தாள். மடிப்பக்கா தாளைத் துணிபோல நான்காக மடித்தாள்.

"காதுல கேட்டா ஒட்டிக்குது டீச்சர். கண்ணால பாத்தா நழுவுது. நீங்க நல்லா படிக்கறேன்னு சொன்னீங்க. சரி, இதுதான் படிக்கறது போலன்னு இருந்துட்டேன்."

டீச்சர், தப்பு தன்மேல்தான் என்று ஒருவழியாகச் சொன்னாள்.

"அது கெடக்கட்டும். கையெழுத்து?"

5

கையெழுத்துப் போட்டாள் என்று எழுதிப் பார்த்தேன். கிடங்கில் கேன் மாறி, புகை எழும்பி... அந்தப் புகைக்குள் மடிப்பக்காவை விட்டுவர எனக்கு மனசில்லை.

போடவில்லை என்று எழுதினேன். மறுநாள் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முட்டியே வலித்தது, பேனாவை வைத்துவிட்டேன்.

டீச்சர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மடித்த தாளைப் பிரித்து அக்காவின் முன் வைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குப்புறப் போட்டாள். நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். மடிப்பக்காவின் விரல் முதல் வார்த்தையில் வெகுநேரம் நின்றது. பிறகு, "பல்" என்றாள். சரிதானா என்று டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தாள்.

விரல் இப்போது இரண்டாவது வார்த்தையில் இருக்கிறது. படிவம் பக்கத்திலேயே கிடக்கிறது. நீங்கள் வேகமாக வாசித்துப் பழகியவர்கள், கண்ணுகளா. அவளை முந்திக்கொண்டு முடிவுக்குப் போய்விடாதீர்கள்.