மாதிரி வீட்டுத் தரை பதிந்த பத்தாவது வீழ்ச்சி

மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, காற்று அசையவில்லை. அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு, பல்கலைக்கழகம் கட்டிய மாதிரி வீட்டின் தரை, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் நிகழவிருந்த ஒரு வீழ்ச்சியைப் பதிவு செய்தது. இதில் யாரும் வியப்படையவில்லை. பதினான்கு மாதங்களில் அத்தரை முன்கூட்டிப் பதிந்த பத்தாவது வீழ்ச்சி அது.

டயர் ஆலை மூடப்பட்ட பின் அவ்வூரில் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பல்கலைக்கழகம் அந்த ஆலையை எடுத்து முதுமை ஆய்வு மையம் ஒன்றை நிறுவியது. முதியோர் தனித்து வாழ்வதற்குரிய ஒரு வீட்டை அதனுள் கட்டி, நடையையும் எடையையும் உணரும் ஓடுகளைத் தரையில் பதித்தது. மையத்தின் பேராசிரியை வரைந்து தருவார், ஊர்ப் பட்டறைகள் செய்து தரும், முதியவர்கள் முறைவைத்து அங்கே தங்கிப் பயன்படுத்திப் பார்ப்பார்கள். எழுந்திருக்க உதவும் நாற்காலி, வழுக்காத விரிப்பு, கைப்பிடிக் கம்பி என்று பதினேழு பட்டறைகள் மீண்டும் கதவு திறந்தன. பிழைப்புத் தேடிப் போன பிள்ளைகள் சிலரும் திரும்பினர். தரை முன்கூட்டிப் பேசத் தொடங்கியபோது பொறியாளர்கள் கடிகாரத்தை மூன்று முறை மாற்றிப் பார்த்தனர். பிறகு அதையும் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டனர். குறித்த வேளைக்கு மெத்தையோடும் மருத்துவரோடும் காத்திருப்பார்கள். முதியவர் விழுவார், எழுவார், தேநீர் அருந்துவார்.

கம்பிகளைச் செய்து கொடுத்தவள் வெல்டிங் பட்டறைக்காரி. பேராசிரியை அவளை நேரில் அழைத்தது அன்றுதான் முதல் முறை. திரையில் எடை ஐம்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராம், இடம் சமையலறை. அந்த வாரம் அவ்வீட்டில் தங்கியிருந்தவர், ஓய்வுபெற்ற தபால்காரரான அவளுடைய தந்தை; எடையும் அவருடையதே. முந்தைய ஒன்பது வீழ்ச்சிகளுக்குப் பின்னும் எழுந்து நடக்கும் காலடிகள் பதிந்திருந்தன. இம்முறை வீழ்ச்சிக்குப் பின் ஒரு காலடியும் இல்லை.

"மெஷின் அதோட நின்னுருக்கும் மேடம்."

"நிக்கலைங்க. ஃப்ரிட்ஜ் அதிர்றதைக்கூடப் பதிஞ்சிருக்கு."

நாடாவை எடுத்துக்கொண்டு அவள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு கம்பியையும் அளந்தாள். எல்லாம் இருக்க வேண்டியதைவிட ஓர் அங்குலம் கூடுதல் உயரம். பல்கலைக்கழகத்துக்குள் கால் வைப்பதையே கௌரவமாகக் கருதிய முதியவர்கள், அளவெடுத்த நாளில் தேய்த்த சட்டையும் குதிகால் வைத்த புதுக் காலணியும் அணிந்து விறைப்பாக நின்றிருந்தனர். வீட்டுக்குள்ளோ வெறுங்காலோடு நடந்தனர். மணிக்கட்டிலிருந்து தரை வரை எடுத்த அளவில் காலணியும் சேர்ந்துகொண்டதை எவரும் கவனிக்கவில்லை. ஒன்பது பேரை விழவைத்தது தன் கைதான் என்று அவளுக்கு விளங்கியது. ஞாயிறு முழுவதும் கம்பிகளை அறுத்து, தாழ்த்தி, மீண்டும் பற்றவைத்தாள். தரையின் பதிவு மட்டும் மாறவே இல்லை.

"கிளம்புங்கப்பா. இந்த வீடே வேணாம்."

"நான் போயிட்டா அது யாரு தலையில விழும்? அடுத்த முறை தையல்காரரு. அவரும் என்னை மாதிரி ஒல்லிக்குச்சிதான்."

"யாரும் உள்ள போகமாட்டாங்க. பூட்டிடப் போறாங்க."

"பூட்டின வீட்டுக்கும் நான் தபால் போட்டிருக்கேம்மா."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வீடு பூட்டப்பட்டது. பேராசிரியை திரை முன் அமர்ந்தார். தந்தையைப் பட்டறை முக்காலியில் உட்காரவைத்து, அவருடைய மணிக்கட்டை மகள் பற்றிக்கொண்டாள். ஐந்து முப்பத்தைந்துக்குப் பதினேழு பட்டறைகளும் யாரும் சொல்லாமலே இயந்திரங்களை நிறுத்தின. அத்தகைய அமைதியை ஆலை மூடிய நாளில்கூட அவ்வூர் கேட்டதில்லை. ஐந்து நாற்பதுக்கு, ஆளில்லாத சமையலறையில் ஓர் ஓடு இரண்டாகப் பிளந்தது. அதே கணத்தில், யாரோ எழுந்துகொண்டதைப்போல் முக்காலி முனகியது. அவரோ உட்கார்ந்தபடியே இருந்தார்.

"என்னத்தையோ கீழ போட்டுட்ட மாதிரி இருக்கும்மா."

சரக்கு நிறுக்கும் தராசில் அவரை ஏற்றினாள். முள் அசையவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராமும் அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போய் விழுந்திருந்தது.

மருத்துவர் சோதித்து, இரத்தமும் இதயமும் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். ஆனால் கதவைத் திறந்தால் காற்றில் அவர் சுவர்வரை நகர்ந்தார். பதினோரு நாள் அவள் அவருடைய கையை விடவில்லை; பன்னிரண்டாம் நாள் இரும்புத் தகடுகள் கோத்த இடுப்புவார் ஒன்றைச் செய்து மாட்டினாள். பேராசிரியை அதை வரைந்துகொண்டார். அவ்வாண்டு முடிவதற்குள் தரை காலடியின்றிப் பதிந்த வீழ்ச்சிகள் இன்னும் ஆறு. அந்த ஆறு பேரையும் முன்னதாகவே வெளியேற்றி, ஆறு வார்களைத் தயாராக வைத்தனர். அடுத்த ஆண்டு வேறு ஊர்களின் பல்கலைக்கழகங்களும் கேட்டன. வார் செய்வதற்கென்றே பதினெட்டாவது பட்டறை திறக்கப்பட்டது. பட்டறைக்காரி மட்டும், மரங்கள் அசையும் பகல்களில் வேலையை நிறுத்திவிட்டு வந்து தந்தையின் வார்க் கொக்கியைத் தொட்டுப் பார்ப்பாள். அந்த அச்சம் அவளுக்குக் கடைசிவரை பழகவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், செப்டம்பர் மூன்றாம் தேதி, அவர் மாடியில் தம் படுக்கையிலேயே மூச்சடங்கினார். அன்று வெளியே பலத்த காற்று. அவள் முதலில் ஜன்னல்களைச் சாத்தினாள். பிறகு வாரைக் கழற்றி, அவரை ஒரு கையில் ஏந்தி, மாடிப்படிகளில் மெதுவாக இறங்கினாள். கடைசிப் படியில் அவள் கால் வைத்தபோது மணி காலை ஏழு பத்து.