பட்டினி கிடந்த செல்கள்

நஞ்சுக்கொடி செல்களோடு மாரடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தாயின் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை வாங்கிக் குழந்தைக்குக் கடத்திவிடுபவை அவை. அதற்கென்றே அவற்றின் மேற்பரப்பில் வாசல்கள் உண்டு. அந்த வாசல்கள் எப்போது கூடும், எப்போது குறையும் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று முறை மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தும் அவளுடைய எடையைத் தவிர எதுவும் கூடவில்லை.

நான்காவது முறை வாசல்கள் இரண்டு மடங்காகியிருந்தன. ஆய்வகமே முதுகுக்குப் பின்னால் 'இடி' என்று அழைக்கும் பேராசிரியர், முடிவைப் பார்த்துக் குதிக்காத குறை.

"அப்படி என்னம்மா போட்டே?"

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். செல்களுக்கு ஊற்றும் திரவத்தில் மற்றதையெல்லாம் பார்த்துப் பார்த்து அளந்தவள், குளுக்கோஸைப் போடவே இல்லை.

"சாப்பாடு போட மறந்துட்டேன் சார். நேத்துலேர்ந்து பட்டினி."

இடி விழுமென்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவரோ தலையைச் சொறிந்தார்.

"பசியில, கிடைக்கிறதை அள்ள வாசலைக் கூட்டியிருக்குதுங்க. இன்னும் மூணு தடவை மறந்து காட்டு."

"வேணும்னே எப்படி சார் மறக்கிறது?"

"போன வாரம் தரவேண்டிய அறிக்கையை மறக்கலயா? அதே மாதிரிதான்."

மூன்று முறையும் செல்கள் அவள் மானத்தைக் காப்பாற்றின. கட்டுரையில் இடி தன் கையாலேயே எழுதினார்: 'செல்கள் திட்டமிட்டுப் பட்டினி போடப்பட்டன.' முகத்தை வெகு கம்பீரமாக வைத்துக்கொண்டு அவள் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.