ஜெயப்ரியாவுக்கு எந்தப் பாலிஷ்

பெரும்பாக்கம் குடியிருப்பில் சக்தியின் வீட்டு ஹாலில் அப்போது இரண்டு ஜெயப்ரியாக்கள் இருந்தார்கள். ஒருத்தி அவன் மனைவி. மேடவாக்கம் சாலையோரம் மீன் விற்றுவிட்டு மதியம் திரும்புகிறவள். இன்னொருத்தி, அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பலாக்கட்டையில் செதுக்கியவள். முழ உயரம். அரிவாள்மனை முன் குந்தி, பேரம் பேசுகிறவரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சக்தி ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியில் தச்சன். அலமாரிக் கதவுகளுக்கு எந்த நிறம் கேட்டாலும் யோசிக்காமல் பூசிவிடுவான். இந்தச் சிலைக்கு மட்டும் கை ஓடவில்லை. மேற்குத் தாம்பரத்தில் பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் நண்பன் அயூப்பிடம் போனான். சிலை செதுக்கிய மிச்சத் துண்டுகளில் அயூப் மாதிரி பூசிக் கொடுத்தான். ஒன்று, பலாவின் மஞ்சளை அப்படியே காட்டும் பளபளப்பான பி.யூ. வார்னிஷ். மற்றொன்று, கருங்காலி நிறச் சாயம்.

"பி.யூ. அடிச்சுடு மச்சான். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது. தகதகன்னு நிக்கும்."

சக்திக்கும் அதில்தான் மனம் போனது. கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரர் ஜெயப்ரியாவின் முகத்தை வெளுப்பாக்கித் தந்தபோது அவள் சிரித்துக்கொண்டே பார்த்தது அவனுக்கு ஞாபகம் இருந்தது.

மதியம் வீடு திரும்பியவள் குளித்துவிட்டு, தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டே அவன் அருகில் உட்கார்ந்தாள்.

"இன்னாயா இது?"

"உனக்குப் பாலிஷ். எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் பி.யூ. துண்டை எடுத்துக் கன்னத்தருகே பிடித்தாள். "எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது."

"யாரோ மாரி கீது. கல்யாண போட்டோவுல ஒருத்தி கீறாளே, அவள மாரி."

"அது உனக்குப் புடிக்குமே."

"எங்கம்மாவுக்குப் புடிக்கும்."

சக்தி மெல்லக் கறுப்புத் துண்டை நகர்த்தினான்.

"ஏன்யா, நான் இன்னா அவ்ளோ கருப்பா?"

எந்தப் பதில் சொன்னாலும் வம்பு என்று அவன் துண்டுகளை அடுக்கத் தொடங்கினான். அவள் சிலையைத் தூக்கி மடியில் வைத்தாள். "மூக்கு மட்டும் சரியா வந்துகீது" என்றபடி எண்ணெய்க் கையால் நெற்றியிலிருந்து மோவாய் வரை தடவினாள். தடவிய இடமெல்லாம் மஞ்சள் போய்த் தேன் நிறமாக இறங்கியது.

சக்தி பதறிப்போய்த் துணியால் துடைத்தான். போகவில்லை. உப்புத்தாள் போட்டால் மூக்கே தேய்ந்துவிடும். அயூப்புக்குப் போன் செய்தான். அயூப் முதலில் சிரித்து முடித்தான்.

"எண்ணெ ஊறுன மரத்துல பி.யூ. புடிக்காது மச்சான், தோலு மாரி உரிஞ்சுடும். சாயமும் திட்டுத்திட்டா நிக்கும். தின்னர்ல தொடச்சுட்டு லின்சீட் ஆயில், அதான் ஆளிவிதை எண்ணெ, போடு. காஞ்சதும் தேன்மெழுகு தேய். பலாதானே, போகப் போகத் தானாவே நெறம் கூடும்."

போனை வைத்துவிட்டு சக்தி மனைவியைப் பார்த்தான்.

"வேணும்னேதானே தடவுன?"

"எனக்கு இன்னா தெரியும்" என்றாள். சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்து ஜடை பின்னத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிறு, பழைய லுங்கியைக் கிழித்துக்கொண்டு இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சிலையின் முன்பக்கம் அவன், முதுகுப்பக்கம் அவள். எண்ணெய் இறங்க இறங்க, செதுக்கிய ஒவ்வொரு கோடும் துலங்கி வந்தது. திடீரென்று அவள் கை நின்றது. செதுக்கிய ரவிக்கையின் முதுகில் ஒரு சின்னக் கிழிசல். அதை இழுத்துப் பிடித்தபடி ஒரு ஊக்கு.

"இத்தப் போயா செதுக்குன? அந்த ஜாக்கெட்ட நான் எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன்."

"நான் ஆரம்பிச்சப்போ அதத்தான் போட்டுனு இருந்த."

அவள் அந்த ஊக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்தாள். சுண்டுவிரல் நுனியில் எண்ணெய் தொட்டு ஊக்கைச் சுற்றிப் பதமாகத் தடவினாள்.

"கொஞ்சம் நவுருயா" என்றாள். "வெளிச்சத்த மறைக்கிற."