மாற்றாக வந்தவள்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. முன்னிரவில் தொடங்கிய மெல்லிய பனி, அறுவடை முடிந்த சோள வயல்களின் மேல் உப்புத் தூவியதுபோல் படிந்திருந்தது. வடமேற்குக் காற்று விடிந்த பின்னும் ஓயவில்லை. வெப்பம் பூஜ்யத்துக்கு மூன்று பாகை கீழே. வானம் ஈயத் தகடாக இருந்தது.

அயோவா மாநிலத்தின் அந்தச் சிறிய கல்லூரியில், பெண்கள் விடுதியின் மூன்றாம் மாடியில், லுப்னா காலை ஆறே முக்காலுக்கே போர்வைக்குள் எழுந்து அமர்ந்து கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அவளுடைய ஊரான மெக்னெஸில் அப்போது மதியம் ஒன்றே முக்கால். மொராக்கோவில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, வீட்டார் அனைவரும் கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்த கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி அமரும் நேரம் அது. வாரம் தவறாமல் அந்த நேரத்தில் அவள் அழைப்பாள். ஆவி பறக்கும் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு அன்றைய பொழுது நகரும்.

திரையில் முதலில் தெரிந்தது பூசணித் துண்டு. பிறகு தாயின் கை. அதற்குப் பின், லுப்னா வழக்கமாக அமரும் மூலையில், லுப்னாவின் பழுப்பு நிற ஜெல்லாபா அங்கியை அணிந்துகொண்டு, கூஸ்கூஸை உள்ளங்கையில் குலுக்கி உருண்டையாக்கிக்கொண்டிருந்த மெரிடித்.

இந்தக் கல்லூரிக்கும் மெக்னெஸில் லுப்னா படித்த கல்லூரிக்கும் இடையே இருந்த ஏற்பாடு மிக எளியது. ஒருத்தி வந்தால் ஒருத்தி போவாள். ஓர் இடத்துக்கு ஓர் இடம். கடந்த ஆகஸ்டில் மெரிடித் மெக்னெஸுக்குப் போய் லுப்னாவின் வீட்டில், லுப்னாவின் அறையில் தங்கினாள். லுப்னா அயோவாவுக்கு வந்து மெரிடித்தின் கட்டிலில், மெரிடித்தின் தோழியுடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டாள். மெரிடித் குளிருக்கான தன் கனத்த கோட்டையும் இவளுக்காகவே அலமாரியில் விட்டுச் சென்றிருந்தாள். டிசம்பரில் இருவரும் அவரவர் வீடு திரும்புவதாகத்தான் முதலில் பேச்சு. ஆனால் மூன்று வாரங்களுக்கு முன் மெரிடித் ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். தனக்கு மே மாதம் வரை மெக்னெஸிலேயே இருக்க விருப்பம் என்று அதில் எழுதியிருந்தாள். விதிப்படி லுப்னாவும் சம்மதித்துக் கையெழுத்திட்டால் இருவரும் நீடிக்கலாம். ஒருத்தி மறுத்தாலும் இருவரும் டிசம்பரிலேயே திரும்ப வேண்டும். பதில் தருவதற்கான கடைசி நாள் இன்றுதான். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் பூட்டப்படும்.

"மரியம், இன்னும் கொஞ்சம் போடட்டுமா? இல்ல போதுமா?" என்று தாய் மெரிடித்தைக் கேட்டாள். அந்த வீட்டில் மெரிடித்துக்கு மரியம் என்றே பெயர் விழுந்திருந்தது.

லுப்னா திகைத்துப் போனாள். இருபது ஆண்டுகளில் அவளுடைய தாய் யாரிடமும் "போதுமா" என்று கேட்டவள் அல்லள். கேட்காமல் போடுவாள், தட்டை நகர்த்தினால் நகர்த்திய இடத்தில் போடுவாள்.

"அம்மா! நீங்க எப்போதிருந்து கேட்டுட்டுப் போட ஆரம்பிச்சீங்க?"

"இவதான் சொல்லிக் குடுத்தா. வேணுமான்னு கேட்டா சாப்பிடறவங்களுக்கு மரியாதையாம். நல்லாத்தானே இருக்கு? மிச்சமும் ஆகல."

"சரி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் பதில் சொல்லணும். என்ன செய்யட்டும்?"

தாய் ஒரு கொண்டைக்கடலையை விரலால் ஓரமாகத் தள்ளினாள். மறுபடியும் இழுத்தாள்.

"உன் இஷ்டம் மகளே."

"அதைத்தான் மூணு வாரமா சொல்றீங்க."

"பின்ன வேற என்ன சொல்ல? படிக்கப் போனவ நீ. உனக்கு எது நல்லதுன்னு உனக்குத் தெரியாதா? ஐயோ, கறி ஆறுது. அப்பறம் பேசறேன், கண்ணு."

திரை கறுத்தது. லுப்னாவுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். "வா." அதைத் தாய் சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிடமே பெட்டியைக் கட்டியிருப்பாள். சொல்லாததனால், தான் இல்லாமலே அந்த வீடு நிறைந்துவிட்டதோ என்ற ஐயம் அவளை அரித்தது. தன் இடத்தில் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். தன் அங்கி அவளுக்குப் பொருந்துகிறது. தாய் அவளுக்காகத் தன் வழக்கத்தையே மாற்றிக்கொண்டாள். இனி அங்கே தான் யாருக்கு வேண்டும்?

அயோவா அவளுக்குக் கசக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் படிப்பது மண்ணியல். முழங்கை ஆழம் தோண்டினாலும் கறுப்பாகவே இருக்கும் அந்த மண்ணை முதன்முதலில் கையில் அள்ளியவளுக்கு அதைக் கீழே போட மனம் வரவில்லை. தன்னைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும் என்று சொல்லும் பேராசிரியர் ஆர்லோ, சென்ற வாரம் அவளிடம், "ஏப்ரல்ல இந்த மண்ணு உருகும்போது ஒரு வாசம் வரும் பாரு. அப்பத்தான் விதைக்கப் போவோம். அதுக்கு நீ இருக்கணும்னு நினைக்கிறேன். ஆனா உன் முடிவு" என்றார். அவரும் கடைசியில் அந்த இரண்டு சொற்களைச் சேர்க்காமல் விடவில்லை.

இந்த நாட்டில் எல்லாமே அவளுடைய முடிவாக இருந்தது. வந்த முதல் வாரத்தில் உணவுக்கூடத்தில் சாண்ட்விச் செய்து தரும் பெண்மணி, எந்த ரொட்டி, எந்தப் பாலாடைக்கட்டி, சுடவா வேண்டாமா என்று அடுக்கிக்கொண்டே போனபோது, "எதுவா இருந்தாலும் சரி" என்று லுப்னா பணிவாகச் சொன்னாள். அந்தப் பெண்மணி கத்தியை வைத்துவிட்டு, "எதுவா இருந்தாலும்னு ஒரு ரொட்டி எங்ககிட்ட இல்லையேம்மா" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து லுப்னா வரிசையில் நிற்கும்போதே விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு நின்றாள்: கோதுமை ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, சுட வேண்டும், வெங்காயம் வேண்டாம். அவை உண்மையாகவே தன் விருப்பங்கள்தாமா என்று அவளுக்கே தெரியாது.

நண்பகலில் அதே உணவுக்கூடத்தில், அறைத்தோழி கெல்ஸி தன் தட்டுடன் எதிரே வந்து அமர்ந்தாள். கெல்ஸி உயரமானவள், பண்ணை வீட்டில் வளர்ந்தவள், சத்தமாகச் சிரிப்பாள். அறைச் சுவரில் அவளும் மெரிடித்தும் சேர்ந்து எடுத்த பதினொரு படங்கள் ஒட்டியிருந்தன. லுப்னா வந்த அன்று அவற்றைக் கழற்ற எழுந்தவளை லுப்னாதான் தடுத்தாள்.

"என்ன லூப், மூஞ்சி உர்ருன்னு இருக்கு? உருளைக்கிழங்கு வேகலையா?"

"கெல்ஸி, நான் கையெழுத்துப் போடட்டுமா வேண்டாமா?"

"ஐயோ, என்னை இழுக்காத. நான் எதுவும் சொல்லக் கூடாது. அது உன்..."

"முடிவுன்னு சொன்னே, இந்தத் தட்டைக் கவுத்துருவேன்."

கெல்ஸி சிரித்தாள். பிறகு முள்கரண்டியால் பட்டாணிகளை ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினாள். பக்கத்து மேசையில் கால்பந்து ஆட்டக்காரர்கள் எவனுடைய பிறந்தநாளுக்கோ கத்திப் பாடினார்கள். அது அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"நிஜமா கேக்கறியா?"

"நிஜமாத்தான்."

"கோவிச்சுக்க மாட்டியே?"

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

"எனக்கு மெரிடித் வேணும்." சொன்னதும் கெல்ஸியின் காதுகள் சிவந்தன. "உன்னைப் பிடிக்காம இல்ல லூப். நீ ரொம்ப நல்லவ. என் துணியைக்கூட மடிச்சு வைக்கிற, எங்கம்மாகூட அதைச் செய்ய மாட்டாங்க. ஆனா தினமும் கதவைத் தொறக்கும்போது ஒரு செகண்ட், அவதான் உள்ளே இருக்கான்னு தோணும். அப்பறம் நீ இருப்ப. அந்த ஒரு செகண்ட் இருக்கே... என்னை மன்னிச்சிரு."

சொற்கள் ஊசியாகத் தைத்தன. எனினும், தைத்த இடத்திலேயே ஏதோ ஓர் இறுக்கம் தளர்ந்ததை லுப்னா உணர்ந்தாள். மூன்று மாதங்களில் இந்த ஊரில் ஒருத்தி முதன்முறையாகத் தனக்கு இன்னது வேண்டும் என்று மூடி மறைக்காமல் அவளிடம் சொல்லியிருந்தாள்.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? நான்கூட தினமும் கண்ணு முழிக்கும்போது நீ என் தம்பின்னு நினைக்கிறேன்."

"உன் தம்பியா! அவன் குறட்டை விடுவானா?"

"உன்னளவுக்கு இல்ல."

இருவரும் சிரித்தார்கள். கெல்ஸி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு லுப்னா அயல்நாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போனாள். அதை நடத்துபவள் லொரெய்ன், அறுபதை நெருங்கியவள், கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருப்பவள்.

"வா கண்ணு, உக்காரு. படிவம் கொண்டு வந்திருக்கியா?"

"கொண்டு வந்திருக்கேன் மேடம். இன்னும் நிரப்பல."

"மேடம் வேண்டாம்னு எத்தனை தரம் சொல்றது? லொரெய்ன்."

"சரிங்க லொரெய்ன் மேடம்."

லொரெய்ன் தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அந்த மூலையில உக்காந்து யோசி. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

லுப்னா மூலை நாற்காலியில் அமர்ந்தாள். படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சம்மதம், சம்மதமில்லை. அவற்றின் கீழே, காரணம் எழுதுவதற்கு மூன்று கோடுகள். பேனா கட்டங்களின் மேல் வட்டமிட்டதே ஒழிய இறங்கவில்லை. அவளுக்கு நான்கே கால் வரை பொறுமை இருந்தது. அதன்பின் நடைபாதைக்கு வந்து வீட்டுக்கு அழைத்தாள். அங்கே இரவு பதினொன்றே கால்.

எடுத்தது மெரிடித்.

"லுப்னா? அம்மா கூடத்துலயே தூங்கிட்டாங்க. டிவி ஓடிட்டு இருக்கு. எழுப்பட்டுமா?"

இருவரும் தனியே பேசிக்கொள்வது இதுவே முதல் முறை. திரையில் ஒருவரையொருவர் பார்த்துக் கையசைத்தது உண்டு, அவ்வளவுதான். மெரிடித் பேசிய மொராக்கோ அரபியில் லுப்னாவின் தெருவின் சாயல் ஏறியிருந்தது.

"வேண்டாம், எழுப்பாத." லுப்னா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். "ஃபோனை அவங்க பக்கத்துல கொண்டு போறியா?"

காலடி ஓசை கேட்டது. பிறகு தொலைக்காட்சியில் யாரோ இருவரின் சண்டை. அதன் அடியில், மூச்சு ஏறும்போது ஒரு மெல்லிய சீழ்க்கையும் இறங்கும்போது ஒரு பெருமூச்சுமாக, தாயின் உறக்கம். லுப்னா நடைபாதைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள். எட்டு மூச்சு கேட்டாள். ஒன்பதாவதில் மெரிடித் தொலைபேசியைத் தன் காதுக்கு எடுத்துக்கொண்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"லுப்னா, நான் நேராவே கேட்டுர்றேன். எனக்கு இங்க இருக்கணும். பேச்சு இப்பத்தான் வாய்க்கு வருது. மார்க்கெட்ல என்னை ஏமாத்த முடியல யாராலயும். மே வரைக்கும் குடேன். ப்ளீஸ்."

"எங்கம்மா என்னைப் பத்தி என்ன சொல்றாங்க?"

மெரிடித் கூடத்தை விட்டு விலகி நடக்கும் ஓசை கேட்டது.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

"என்ன சத்தியம்?"

"ஐயோ. இதைச் சொன்னா நான் ஊருக்கு மூட்டை கட்டணும். சொல்லலைன்னா உன் முகத்தை என்னால பாக்க முடியாது." மெரிடித் மூக்கை உறிஞ்சினாள். "வாயைத் திறந்தா வா வான்னுதான் வருமாம். ஒரு தாய் அப்படிக் கூப்பிட்டா மகளோட படிப்புப் போயிரும், அதனால 'உன் இஷ்டம்'ங்கறதைத் தவிர வேற எதையும் பேச மாட்டேங்கறாங்க. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ ஃபோனை வெச்சதும் சமையக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கறாங்க. இன்னிக்கும் போனாங்க. நான் பாத்திரத்தைக் கழுவிட்டேன்."

லுப்னா சுவரை விட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, வகுப்பு முடிந்த மாணவர்கள் கைகளைச் சட்டைப் பைகளில் புதைத்துக்கொண்டு பனியில் சாய்ந்தபடி போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அப்பால் வயல். அதன் மேல் வெள்ளைப் போர்வை. அதனடியில், அவள் விதைக்கப்போகாத அந்தக் கறுப்பு மண்.

"மெரிடித்."

"ம்."

"நீ கேட்டதுல தப்பே இல்ல. ஆனா நான் தர மாட்டேன். எனக்கு எங்கம்மா வேணும்."

மெரிடித் அழுதாள். மறைக்காமல், மூச்சு வாங்கி அழுதாள். "தெரியும்," என்றாள் நடுவே. "சொல்லும்போதே தெரியும்."

"எதுக்குச் சொன்னே அப்ப?"

"உன் கட்டில்ல படுத்துக்கிட்டு உன்னை ஏமாத்தணுமா?"

நன்றி என்ற சொல் லுப்னாவுக்கு மிகச் சிறியதாகப் பட்டது. அதையே இரண்டு முறை சொன்னாள்.

அவள் அலுவலகத்துக்குள் திரும்பி வந்து, நின்ற நிலையிலேயே, சம்மதமில்லை என்ற கட்டத்தில் குறியிட்டாள். காரணத்துக்கான முதல் கோட்டில், படிப்பு, உடல்நிலை, குளிர் என்று எந்தச் சாக்கையும் தேடாமல், 'எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்' என்று எழுதினாள். மற்ற இரண்டு கோடுகளையும் வெறுமையாகவே விட்டாள்.

லொரெய்ன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு அதைக் கழற்றினாள்.

"ஏப்ரல் ரொம்ப அழகா இருக்கும் கண்ணு."

"தெரியும் மேடம். அதை நினைச்சா இப்பவே மனசு ஏங்குது."

லொரெய்ன் படிவத்தை மேசையோரத்து முத்திரைப் பொறிக்குள் நுழைத்து, பிடியை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். நீல மையில் நாளும் நேரமும் பதிந்தன. மாலை மணி நான்கு நாற்பத்தொன்று.