முதலில் பிடித்த விரல்

என் கணவர் தேவசகாயம் அந்தப் பரீட்சையில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியது ஆங்கிலம் தெரியாததால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேலே இருந்தபடியே கோபித்துக்கொள்வார்.

எண்பத்திரண்டாம் வருஷம். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவர் கெமிஸ்ட். அமெரிக்காவுக்குப் போய் மேலே படிக்க வேண்டும், என்னையும் அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. அதற்கு ஜி.ஆர்.இ. என்று ஒரு நுழைவுத் தேர்வை மெட்ராஸில் எழுத வேண்டும். கணக்கில் அவரை அசைக்க முடியாது. ஆங்கிலச் சொற்கள் பகுதியில்தான் எண்ணூறுக்கு முதல் முறை இருநூற்றுத் தொண்ணூறு, இரண்டாம் முறை முன்னூற்றுப் பத்து. அதில் சும்மா பேர் எழுதிவிட்டு வருபவனுக்கே இருநூறு கொடுத்துவிடுவார்கள்.

என் மாமனார் அந்தோணி தோல் தரகர். வார்த்தையை மிச்சம் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

“இன்னாடா, அமெரிக்காக்காரன் உன் சரக்க ரெண்டு தபா தள்ளிட்டானே. மூணாவது தபாவும் தள்ளிட்டான்னா பேசாம மண்டிக்கு வந்து துண்டப் புடி.”

தோல் மண்டியில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். எந்த விரலைப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும் தெரியும். பள்ளிக்கூட லீவு நாட்களிலெல்லாம் என் கணவர் அப்பாவோடு மண்டியில் நின்று வளர்ந்தவர்.

வீட்டில் அவர் ஆங்கிலம் படிக்கும் சத்தம் கேட்டால் மாமனார் ஆரம்பித்துவிடுவார். அதனால் நான் ஒரு வழி செய்தேன். பரீட்சையில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். என் கையில் ஐந்து விரல்கள். மாமனார் ரேடியோ கேட்கும் நேரத்தில், வாரப் பத்திரிகைக்கு நடுவே மாதிரிக் கேள்வித்தாளை வைத்து என் கணவர் பக்கம் சாய்ப்பேன். அவர் துண்டுக்கு அடியில் என் விரலைப் பிடிப்பார். கட்டை விரல் முதல் விடை, சுண்டு விரல் ஐந்தாவது.

“இன்னாம்மா சந்திரா, புருஷனும் பொஞ்சாதியும் துண்டுக்கடியில இன்னா வியாபாரம்?”

“அவருக்குக் கை ஜில்லுனு இருக்குதாம் மாமா.”

“மே மாசத்துலயா?”

காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது தெரியாத ஒன்று துண்டுக்கு அடியில் தெரிந்தது. ‘லகோனிக்’ என்று ஒரு சொல். சுருக்கமாகப் பேசுபவனைச் சொல்வது. மாமனாருக்கு நேர் எதிர். அதற்கு எதிர்ச்சொல் கேட்டிருந்தார்கள். என் கணவர் பார்த்த உடனே நடுவிரலைப் பிடித்தார். சரியான விடை. நான் பக்கத்தைத் திருப்பப் போனேன். நடுவிரலை விட்டார். மோதிர விரலுக்குப் போனார், சுண்டு விரலைத் தடவினார், கடைசியில் ஆட்காட்டி விரலில் வந்து நின்றார். தப்பு. அடுத்த கேள்வியிலும் அதே கதை. அதற்கு அடுத்ததிலும்.

“ஏங்க, மொதல்ல புடிச்சது சரிதானே. ஏன் உட்டீங்க?”

“அவ்ளோ சுளுவா வந்துச்சு. அது எப்படிச் சரியா இருக்கும்?”

“ஏன் இருக்கக் கூடாது?”

“மொதல்ல சொல்ற வெலைய எவனாவது ஒத்துப்பானா சந்திரா?”

மனுஷன் கேள்வித்தாளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்! கேள்வி தயாரித்த அமெரிக்கப் பேராசிரியர் அவருக்கு, ஓட்டைத் தோலை நல்ல தோலுக்கு நடுவில் சொருகிக் கொண்டுவந்த பேரணாம்பட்டு வியாபாரி.

இனிமேல் மாற்ற மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அன்று மாலையே சுண்டு விரலுக்குத் தாவினார். ஆக, சத்தியம் உதவாது. பேரத்தையே நடக்க முடியாமல் செய்ய வேண்டும். பரீட்சையில் விடையைப் பென்சிலால்தான் தீட்டுவார்கள்; அழிக்காமல் மாற்ற முடியாது.

பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் ஷூ கம்பெனியில் வேலை செய்தாள். அவளிடம் அடிப்பாகத்துக்கு வெட்டும் வெள்ளை ஷீட்டில் ஒரு துண்டு கேட்டேன்.

“இன்னாத்துக்குக்கா?”

“அமெரிக்கா போறதுக்கு.”

அவருடைய அழிரப்பர் அளவுக்கு அதை வெட்டி, பவுடர் போட்டுத் துடைத்து, பழைய ரப்பரின் காகித உறைக்குள் நுழைத்தேன். அழிக்காது, கறுப்பாக இழுக்கும். நிஜ ரப்பர் என் கைப்பையில்.

பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். அரக்கோணத்தில் டீ குடிக்கும்போதுதான் யோசித்தேன். இதுவும் போனால் அவர் மண்டிக்குத்தான் போக வேண்டும். இரண்டு முறை கை பைக்குள் போய் ரப்பரைத் தொட்டது. முதலில் தோன்றியதை மாற்றக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நானே மாற்றுவதா? ஜிப்பை இழுத்து மூடினேன்.

பரீட்சை முடிந்து வெளியே வந்தவரின் விரலெல்லாம் கறுப்பு.

“அடிப்பாவி! இது ரப்பரா, செருப்பா? மொத கேள்வியிலயே ஒரு தேய் தேச்சேன், பேப்பர்ல மழைமேகம் கட்டிக்கிச்சு! காவலுக்கு நின்ன அம்மாவ வேற ரப்பர் கேட்டா, பேசாதேன்னு வாய்ல வெரல வெக்கிறாங்க!”

“அப்புறம் இன்னா பண்ணீங்க?”

“இன்னா பண்றது? வெச்சது வெச்சபடி வந்தேன்.”

நான் பைக்குள்ளிருந்து நிஜ ரப்பரை எடுத்துக் காட்டினேன். நடுரோட்டில் அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. ரயிலில் கறுப்பு விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். அரக்கோணம் தாண்டியதும் துண்டை எடுத்து என் மடியில் போட்டார். அடியில் கையை விட்டு என் கட்டை விரலை நறுக்கென்று கிள்ளினார். அப்புறம்தான் சிரித்தார்.

ஐந்நூற்று எழுபது வந்தது. கவரைப் பிரித்து அவர் சொன்னதும் மாமனார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“ஜாஸ்தி கேட்டிருக்கலாம்.”

ஆனால் அன்றைக்கே மண்டி முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷம் நாங்கள் இரண்டு பேரும் விமானம் ஏறினோம். படிப்பு முடிந்து திரும்பியும் வந்தோம்.

போன வருஷம் வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் எதையும் மறைக்காமல் அவரிடமே சொன்னார்: ஆறு மாதம். டாக்டர் வெளியே போனதும் போர்வைக்கு அடியில் அவர் கை என் கையைத் தேடியது. ஒரு விரலைப் பிடித்தார். விட்டார். அடுத்த விரலுக்குப் போனார்.

“மொத வெலதானே சந்திரா,” என்றார்.

இந்த முறை நான் அவரைத் தடுக்கவில்லை. ஐந்து விரலையும் விரித்துக் கொடுத்தேன்.

ஆறு மாதத்தைப் பதினொன்றுவரை ஏற்றினார். மாமனார் இருந்திருந்தால், ஜாஸ்தி கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்லியிருப்பார். நானும் அவர் கட்சிதான்.