எட்டுக்கு மேல்

"என்ன நம்பர்?" என்று லக்ஷ்மிநாராயணன் கேட்டார்.

கல்பகம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இனி வலியை மட்டும் அடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸ் சுஷ்மா, வலியைப் பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"ஒன்பது."

"போடி. ஒன்பதுன்னா இப்படிப் பேசாம படுத்துண்டிருப்பியா? செவ்வாய்க்கிழமை கத்தினியே, அதான் ஒன்பது. இது ஆறு."

ராமச்சந்திராபுரம் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தால் அது ஸ்டோர்ஸ் இல்லை, சத்திரம் என்பார். அவர் காலத்தில் ஒரு சாமானும் தீர்ந்துபோனதில்லை. மார்ஃபின் மாத்திரைகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். எட்டுக்கு மேல் போனால்தான் ஒன்று.

"இப்பவே தீத்துட்டா, நெஜமாவே வலிக்கறச்சே என்னடி பண்ணுவே?"

கத்தினால் கிடைக்கும். அவளுக்குக் கத்த வராது. பிரசவத்தில்கூடச் சத்தம் போடாதவள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். செவ்வாய்க்கிழமை கத்தியதை நினைத்தால் இன்னும் கூசியது. தொண்டையும் அன்றோடு கட்டிப்போயிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு சுஷ்மா வந்தாள்.

"பாகுந்தி சிஸ்டர். நாலு, அஞ்சுதான்," என்று, அவள் நன்றாக இருப்பதாக அவர் தெலுங்கில் முந்திக்கொண்டார். கேட்காமலே மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து காட்டினார். போன வாரம் கொடுத்த நாற்பத்திரண்டில் மூன்றுதான் குறைந்திருந்தது.

சுஷ்மா அட்டைகளைப் பார்த்தாள். கல்பகத்தைப் பார்த்தாள். பிறகு தெலுங்கில், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தே ஆகவேண்டும், தீர்ந்தால் தானே கொண்டுவருவதாகச் சொன்னாள்.

"ஹவ், ஹவ்," என்று ஆமோதித்து அவர் தலையாட்டினார்.

சுஷ்மா தன் கையால் ஒன்றைக் கொடுத்து, அவர் போனில் அலாரமும் வைத்துவிட்டுப் போனாள்.

அரை மணியில் முதுகுவலி கல்பகத்தை விட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. அது தினமும் கேட்டிருக்க வேண்டும். தூங்கிப்போனாள்.

இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. அவர் அட்டையும் தம்ளருமாக வந்து நின்றார்.

"இப்போ என்ன நம்பர்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரிடம் சொல்ல ஒரு நல்ல சேதி.

"ஒண்ணு. ஒண்ணுதான்னா."

"பாத்தியா!" அவர் முகம் மலர்ந்தது. "அப்போ எதுக்கு ஒண்ணை வீணாக்கணும்? பின்னால ஆகும்."

அட்டையைப் பிரிக்காமலே கொண்டுபோனார். "ஏன்னா," என்றாள். அது கட்டிலைத் தாண்டவில்லை. பீரோச் சாவி திரும்பியது.

மூன்றரை மணிக்கு வலி மூன்று. ஐந்துக்கு ஏழு. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. வலி ஒன்பது ஆனபோது, கூச்சத்தையெல்லாம் விட்டு, வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து கத்தினாள். காற்றுதான் வந்தது.

அவர் எட்டிப்பார்த்தார். வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. நன்றாகத் தூங்குகிறாள் என்று ஃபேனைக் குறைத்துவிட்டு, டிவி சத்தம் அவளை எழுப்பாதபடி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.